கடைக்காரரின் போனில் இருக்கிறது வெப்சைட்

சிறு கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் வெப்சைட் செய்து கொடுப்பது என் தொழில். ஈரோடு, காங்கயம், தாராபுரம் பக்கம்தான் பெரும்பாலும் வேலை. புதிதாக ஒருவர் வந்தால் நிறம், டிசைன், எத்தனை பக்கம் என்று எதையும் முதலில் பேசுவதில்லை. கடைக்காரரின் பக்கத்தில் உட்கார்ந்து, அவருடைய கடை வாட்ஸ்அப்பைத் திறந்து காட்டச் சொல்லி, வாடிக்கையாளர்கள் என்னென்ன கேட்டிருக்கிறார்கள் என்று படிக்கிறேன். அப்புறம் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, நேரில் வருகிறவர்களும் போனில் கூப்பிடுகிறவர்களும் கேட்பதை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதிக்கொள்கிறேன்.

"சைட்டு போடறதுக்கு இதெல்லாம் எதுக்குங்க?" என்று பலரும் கேட்பார்கள். சைட்டில் வரவேண்டிய விஷயம் முழுக்க அங்கேதான் இருக்கிறது என்பதே என் பதில். கடைக்கு வராத ஒருவர் இரவு பத்து மணிக்கு உங்கள் வெப்சைட்டைத் திறக்கிறார் என்றால், அவர் மனதில் இருப்பது மதியம் போன் செய்தவர் கேட்ட அதே கேள்விதான். அதற்கு அங்கேயே பதில் கிடைத்தால் காலையில் ஆர்டர் வரும். கிடைக்காவிட்டால் அவர் அடுத்த கடையைப் பார்க்கப் போய்விடுவார்.

ஆனால் வழக்கமாக நடப்பது வேறு. ரெடிமேட் டெம்ப்ளேட் ஒன்றை எடுத்து அதிலுள்ள காலி இடங்களை நிரப்புகிறார்கள். 'எங்களைப் பற்றி', 'எங்கள் நோக்கம்', 'எங்கள் தொலைநோக்கு' என்று பெட்டிகள் ஏற்கெனவே இருக்கும். கடைக்காரரிடம் அதற்கு மேட்டர் கேட்பார்கள். அவரும் யோசித்து யோசித்து, "தரமே எங்கள் தாரக மந்திரம்" என்று எழுதிக் கொடுப்பார். நாள் முழுக்க எண்ணெயைப் பற்றியோ துணியைப் பற்றியோ மணிக்கணக்கில் பேசக்கூடிய மனிதர் அவர். அவருக்குத் தெரிந்த எதுவும் அந்தப் பக்கத்தில் வராமல் போய்விடுகிறது. எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான்.

ஒரு கடையை வைத்துச் சொல்கிறேன். காங்கயம், வெள்ளகோவில் வட்டாரம் கொப்பரைக்கும் தேங்காய் எண்ணெய்க்கும் பேர்போனது. ரோட்டோரம் தேங்காயை உடைத்துக் காயப்போட்ட களங்களை அந்தப் பக்கம் போகிற யாரும் பார்த்திருப்பார்கள். அங்கே ஒரு கணவனும் மனைவியும் (எனக்கு அண்ணன், அக்கா) மரச்செக்கு வைத்து எண்ணெய் ஆட்டுகிறார்கள். வாகை மரத்தில் செய்த செக்கு, மோட்டாரில் ஓடுகிறது. நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய் மூன்றும் உண்டு. அவர்களுக்கு ஏற்கெனவே ஒரு வெப்சைட் இருந்தது. திறந்ததும் மூன்று பெரிய படங்கள் மாறி மாறி ஓடும். அதில் ஒன்று ஆலிவ் எண்ணெய் பாட்டில், பக்கத்தில் ஆலிவ் காய்கள். இலவசப் படத் தளத்தில் எண்ணெய் என்று தேடி எடுத்துப் போட்டிருந்தார்கள். செக்கின் படம் எங்கேயும் இல்லை.

அந்தக் கடையில் உட்கார்ந்திருந்தபோது காதில் விழுந்தவற்றைச் சொல்கிறேன்.

"ஏனுங்க, பாட்டிலுக்கு அடியில மண்டியாட்டம் நிக்குதே, ஊத்தலாமுங்களா?" இது நல்லெண்ணெய் வாங்கிப்போன ஒருவர். "சட்டியில ஊத்துனா ஒரேயடியா நுரை பொங்குதுங்க, எண்ணெயில ஏதாச்சும் கலந்திருக்குதா?" இது கடலை எண்ணெய். பெங்களூருவிலிருந்து ஒருவர், தேங்காய் எண்ணெய் கட்டியாக உறைந்துவிட்டது, மெழுகு கலந்திருக்குமோ என்று சந்தேகப்பட்டார். 15 கிலோ டின்னா 15 லிட்டர் டின்னா என்று ஒருவர். நல்லெண்ணெய்க்குக் கருப்பட்டி போட்டு ஆட்டுகிறீர்களா, வெல்லமா என்று ஒரு பாட்டி. கொப்பரைக்குக் கந்தகப் புகை போடுவீர்களா என்று விவரம் தெரிந்த ஒருவர். எல்லாவற்றுக்கும் மேலே, "நாங்களே எள்ளு கொண்டாந்தா ஆட்டிக் குடுப்பீங்களா, கூலி எவ்வளவு?" என்ற கேள்வி திரும்பத் திரும்ப வந்தது.

இந்தக் கடைசிக் கேள்விதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. கூலிக்கு ஆட்டிக் கொடுப்பது அந்தக் கடையின் வருமானத்தில் முக்கியமான பங்கு. சுற்றுவட்டாரத்தில் சொந்தக் காட்டில் எள்ளும் கடலக்காயும் விளைவிக்கிறவர்கள் வருடா வருடம் வந்து ஆட்டிக்கொண்டு போகிறார்கள். பழைய வெப்சைட்டில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஏன் என்று கேட்டேன். "அது நம்ம வேலைதானுங்க, அதையெல்லாமா சைட்டுல போடுவாங்க?" என்றார் அண்ணன். டெம்ப்ளேட்டில் அதற்குப் பெட்டி இல்லை, அதனால் யாருக்கும் தோன்றவில்லை. புதிய தளத்தில் அதற்குத் தனிப் பக்கமே வைத்தோம். ஒரு முறை ஆட்டக் குறைந்தது எத்தனை கிலோ வேண்டும், கல் மண் புடைத்துக் கொண்டுவர வேண்டுமா, ஈரம் இருந்தால் என்ன ஆகும், பிண்ணாக்கு யாருக்கு, எத்தனை மணிக்குள் வந்தால் அன்றைக்கே வாங்கிக்கொண்டு போகலாம், கூலி எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அழகுபடுத்தாத, வெறும் பதில்கள் மட்டும் உள்ள பக்கம். அந்தத் தளத்தில் அதிகம் திறக்கப்படுவது அதுதான்.

மற்ற கேள்விகளுக்கான பதிலை நான் எழுதவில்லை. அக்கா போனில் பேசும்போது சொன்னதை ரெக்கார்ட் செய்து, எழுத்து நடைக்குக் கொஞ்சம் மாற்றிப் போட்டேன். மண்டிக்கான பதில் இப்படி வந்தது: "துணியில் வடித்து, வெயிலில் வைத்துத் தெளிந்த பிறகுதான் பாட்டிலில் ஊற்றுகிறோம். அப்படியும் அடியில் கொஞ்சம் நிற்கும். அது எள்ளிலிருந்தே வருவது. பாட்டிலைக் குலுக்காமல் மேலாக ஊற்றிக்கொள்ளுங்கள்." நுரைக்கு: "ரீஃபைண்டு எண்ணெயில் பசையையும் ஈரத்தையும் எடுத்துவிடுவார்கள். செக்கெண்ணெயில் அது கொஞ்சம் இருக்கும், அதனால் சூடேறும்போது நுரை வரும். சட்டியில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள், அடுப்பைச் சிறியதாக வைத்துக் காயவிடுங்கள்." தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையத் தொடங்கிவிடும், வெந்நீரில் பாட்டிலைக் கொஞ்ச நேரம் வைத்தால் இளகிவிடும் என்பதையும் போட்டோம். மார்கழியில் பெங்களூருக்கும் ஊட்டிக்கும் பார்சல் போகும்போது அந்தப் பக்கத்தின் லிங்கையே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார்கள்.

லிட்டர், கிலோ குழப்பம் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியது, ஏனென்றால் பணம் சம்பந்தப்பட்டது. எண்ணெய் தண்ணீரைவிட லேசானது. ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம்தான் இருக்கும். ஆக 15 கிலோ டின்னில் ஏறக்குறைய பதினாறரை லிட்டர் வரும். இது தெரியாமல் இரண்டு கடைகளின் விலையை ஒப்பிட்டு, இவர்கள் விலை ஜாஸ்தி என்று நினைத்து விட்டுப்போனவர்கள் இருக்கிறார்கள். விலைப் பட்டியலில் ஒவ்வொரு அளவுக்கும் லிட்டரையும் கிலோவையும் பக்கத்தில் பக்கத்தில் போட்ட பிறகு அந்த வாக்குவாதம் குறைந்தது.

விலையை வெப்சைட்டில் போடலாமா என்பது எல்லாச் சிறு வியாபாரிகளுக்கும் இருக்கும் பயம். பக்கத்துக் கடைக்காரன் பார்த்துவிடுவான் என்பார்கள். பக்கத்துக் கடைக்காரருக்கு உங்கள் விலை தெரியாமலா இருக்கிறது? ஓர் ஆளை அனுப்பினால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். தெரியாமல் தவிப்பது சென்னையில் உட்கார்ந்து தேடும் வாடிக்கையாளர்தான். 'விலைக்குத் தொடர்புகொள்ளவும்' என்று போட்டால், பேசினால் வற்புறுத்துவார்களோ என்ற தயக்கத்தில் பாதிப்பேர் பேசவே மாட்டார்கள். எள் விலை ஏறி இறங்குவது உண்மைதான். அதற்கு வழி, விலைக்கு மேலே தேதியைப் போடுவது. அந்தக் கடையில் விலை எல்லாம் ஒரு கூகுள் ஷீட்டில் இருக்கிறது. அக்கா போனிலேயே எண்ணை மாற்றினால் தளத்திலும் மாறிவிடும்படி இணைத்துக் கொடுத்தேன். விலை மாற்ற என்னைக் கூப்பிட வேண்டிய நிலை வந்தால், ஒரு மாதத்தில் அந்த விலைப் பட்டியல் பழையதாகி, பொய்யாகிவிடும்.

முகப்புப் பக்கத்துக்கு வருகிறேன். போனில் திறந்ததும், விரலால் தள்ளுவதற்கு முன்பே தெரிகிற அந்த ஒரு திரையளவு இடம்தான் மொத்த வெப்சைட்டிலும் விலை உயர்ந்தது. அதில் ஓடும் படங்களை வைப்பது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. இரண்டாவது படம் வரும்வரை யாரும் காத்திருப்பதில்லை. என்ன விற்கிறீர்கள், எந்த ஊர், இன்றைக்குத் திறந்திருக்குமா, எப்படிப் பேசுவது. இவ்வளவுதான் அங்கே வேண்டும். அந்தக் கடைக்கு நாங்கள் வைத்த வாசகம்: "மரச்செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய். காங்கயம் அருகில். உங்கள் எள்ளையும் கடலையையும் ஆட்டித் தருகிறோம்." கீழே கடை திறக்கும் நேரமும் இரண்டு பொத்தான்களும் இருக்கின்றன. ஒன்றை அழுத்தினால் நேராகப் போன் போகும். இன்னொன்றை அழுத்தினால் வாட்ஸ்அப் திறக்கும். அதில் ஒரு சின்ன வேலை செய்யலாம். எந்தப் பொருளின் பக்கத்திலிருந்து அழுத்துகிறாரோ, அந்தப் பொருளின் பெயரும் அளவும் செய்திப் பெட்டியில் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும்படி லிங்க் அமைக்கலாம். "நல்லெண்ணெய் 5 லிட்டர் வேண்டும். என் ஊர்:" என்று பாதி தயாராக இருந்தால், மீதியைத் தட்டி அனுப்ப யாருக்கும் சோம்பலாக இருக்காது. "ஹாய்" என்று மட்டும் வருகிற செய்திகள் அங்கே வெகுவாகக் குறைந்தன.

பொருள்களைத் தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் கார்ட் (கூடை), ஆன்லைன் பேமெண்ட் எல்லாம் முதல் நாளே வேண்டும் என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். என் கருத்தில், ஆர்டரை நோட்டில் எழுதிச் சமாளிக்க முடிகிற வரைக்கும் வாட்ஸ்அப்பும் யுபிஐயும் போதும். கடையின் கியூஆருக்கு நேரடியாக வரும் பணத்தில் பிடித்தம் கிடையாது. வெப்சைட்டிலேயே பணம் வாங்கித் தரும் பேமெண்ட் கேட்வே வழியாக வந்தால் அந்த நிறுவனம் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளும். யார் பணம் கட்டினார், யாருக்கு அனுப்பினோம் என்று குழம்பத் தொடங்கும்போது கார்ட் போடலாம். அப்போது அதன் அருமை கடைக்காரருக்கும் தெரிந்திருக்கும், கற்றுக்கொள்ளப் பொறுமையும் இருக்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. அந்தக் கடையின் பழைய நோட்டீசில் சர்க்கரை குறையும், இதய அடைப்பு நீங்கும் என்று அச்சடித்திருந்தது. அதை வெப்சைட்டில் போடச் சொன்னார்கள். முடியாது என்று சொன்னேன். உணவுப் பொருளுக்கு இப்படி நோய் தீர்க்கும் என்று சொல்லி விளம்பரம் செய்வதை உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விளம்பர விதிகள் தடுக்கின்றன. சர்க்கரை நோய், இதய நோய் போன்றவற்றைக் குணமாக்குவதாகச் சொல்லி மருந்து விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954லிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. ஆனால் சட்டத்தைவிட என்னைப் பயமுறுத்துவது வேறு. அந்த வரியை நம்பி, ஏற்கெனவே ஒருமுறை அட்டாக் வந்த ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டால் என்ன செய்வது? அக்காவிடம் இதைச் சொன்னதும் உடனே புரிந்துகொண்டார். "நம்ம எண்ணெய் நல்ல எண்ணெய்னு மட்டும் சொல்லுங்க தம்பி, அது போதும்" என்றார்.

நல்ல எண்ணெய் என்று சொல்ல வேறு வழிகள் இருக்கின்றன. எள் எங்கே வாங்கியது, எந்த வாரம் ஆட்டியது, கருப்பட்டி போட்டதா, கொப்பரை வெயிலில் காய்ந்ததா என்று எழுதலாம். 14 இலக்க உணவு உரிம எண்ணை எல்லாப் பக்கத்திலும் அடியில் போடலாம். கடையின் முழு முகவரி, குறை இருந்தால் யாரிடம் பேசுவது, உடைந்து வந்தால் என்ன செய்வோம் என்பதும் இருக்க வேண்டும். 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளும் இதைத்தான் கேட்கின்றன. புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று பதில் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். பிற்பாடு பேமெண்ட் கேட்வே வாங்கப் போனாலும் முதலில் இந்தப் பக்கங்கள் இருக்கின்றனவா என்றுதான் பார்ப்பார்கள். இவற்றை எங்கிருந்தோ நகலெடுத்த ஆங்கிலத்தில் போடாமல், "பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்து அனுப்புங்கள், கசிந்திருந்தால் வேறு அனுப்புகிறோம்" என்று நேராக எழுதினால் படிக்கிறவருக்கு நம்பிக்கை வரும்.

படங்கள். போட்டோகிராபர் வேண்டாம், போன் போதும். காலை எட்டு மணிக்கு, செக்கு ஓடிக்கொண்டிருக்கும்போது, கதவுப் பக்கத்திலிருந்து வருகிற வெளிச்சத்தில் எடுத்தோம். உரலின் வாயில் எள் நசுங்கி எண்ணெய் மினுமினுப்பது, கீழே தூக்கில் ஒழுகி விழுவது, அண்ணன் கையில் இரண்டு துண்டாக உடைத்த கருப்பட்டி. அந்தப் படங்களில் சுவரில் எண்ணெய்க் கறை தெரிகிறது. அதை மறைக்கலாமா என்று கேட்டார்கள். விட்டுவிடச் சொன்னேன். எண்ணெய் ஆட்டுகிற இடத்துச் சுவர் அப்படித்தான் இருக்கும். தரையும் பாத்திரமும் சுத்தமாக இருக்கின்றனவா என்பதுதான் வாங்குகிறவர் பார்ப்பது.

படத்தின் அளவு முக்கியம். இன்றைய போனில் எடுக்கும் படம் மூன்று நான்கு எம்பி இருப்பது சாதாரணம். அதை அப்படியே ஏற்றினால் சிக்னல் சரியில்லாத இடத்தில் பக்கம் திறக்கவே திறக்காது. வெப்பி (WebP) என்ற, படத்தைச் சுருக்கி வைக்கும் வடிவத்துக்கு மாற்றி, அகலத்தைக் குறைத்தால் நூறு நூற்றைம்பது கேபிக்குள் அடக்கிவிடலாம், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. பக்கத்தின் முக்கியமான பகுதி இரண்டரை விநாடிக்குள் கண்ணில் பட வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல். நான் அதை என் கம்ப்யூட்டரில் சோதிப்பதில்லை. கடையில் வேலை செய்கிறவரின் பழைய போனை வாங்கி, ஊருக்கு வெளியே ரோட்டில் நின்று திறந்து பார்ப்பேன். அதில் ஓடினால் எங்கும் ஓடும்.

தமிழில் தளம் செய்கிறவர்களுக்கு மட்டும் வரும் தொல்லை ஒன்று இருக்கிறது. லேபிள், நோட்டீஸ், விசிட்டிங் கார்டு எல்லாம் டிடிபி சென்டரில் அடித்திருப்பார்கள். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் இருக்கும். அந்த மேட்டரை எடுத்து வெப்சைட்டில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாக வரும். எல்லாப் போனிலும் சரியாகத் தெரியும் யூனிகோடு எழுத்து முறைக்கு மாற்றித் தரும் கன்வெர்ட்டர்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றிய பிறகு ஒரு வரி விடாமல் படித்துத் திருத்த வேண்டும், கொம்பும் காலும் இடம் மாறியிருக்கும். இந்த வேலைக்குச் சோம்பல்பட்டு, நோட்டீசையே படமாக எடுத்து ஏற்றிவிடுகிற வழக்கம் பரவலாக இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடுபொறி நம்பகமாகப் படிப்பதில்லை. வயதானவர்கள் எழுத்தைப் பெரிதாக்கிப் படிப்பதும் சிரமம். பார்வையற்றவர்களின் போன் அதைச் சரியாக வாசித்துக் காட்டும் என்று நம்ப முடியாது. விலை மாறினால் திருத்தவும் வழியில்லை.

எழுத்துருவுக்குப் பஞ்சமில்லை. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரன் எல்லாம் கூகுளில் இலவசம். ஒன்றே ஒன்றை எடுத்து, சாதாரணம், தடிமன் என்று இரண்டு வகை மட்டும் பயன்படுத்தினால் பக்கமும் கனக்காது. தமிழுக்கு மேலே 'கீ', கீழே 'நூ' என்று நீட்சிகள் இருப்பதால் வரிகளுக்கு நடுவே ஆங்கிலத்தைவிட அதிக இடம் விட வேண்டும். எழுத்தின் அளவைப் போல 1.6 மடங்கிலிருந்து 1.7 மடங்கு வரை நான் வைப்பது வழக்கம். நம் சொற்கள் நீளமானவை என்பதால் பொத்தான்கள் உடையும். 'தொடர்புகொள்ள இங்கே சொடுக்கவும்' என்பது சின்ன போனில் இரண்டு வரியாகிவிடும். 'போன் செய்ய' என்றால் அடங்கிவிடும். எண்ணெய் வாங்குகிறவர்களில் அறுபதைத் தாண்டியவர்கள் நிறைய. வெளிர் சாம்பல் நிறத்தில் பொடி எழுத்துப் போட்டு அவர்களைக் கண்ணைச் சுருக்க வைப்பது நியாயமில்லை.

தேடுகிறவர்கள் எப்படித் தேடுகிறார்கள் என்பதும் வாட்ஸ்அப்பிலேயே தெரிந்துவிடும். பாதிப்பேர் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறார்கள், அதிலும் ஆளுக்கொரு எழுத்துக்கோவை. சிலர் வுட் பிரஸ்டு ஆயில் என்கிறார்கள், சிலர் கோல்டு பிரஸ்டு என்கிறார்கள், சிலர் மைக்கை அழுத்தி "மரச்செக்கு நல்லெண்ணெய்" என்று சொல்கிறார்கள். இந்தப் பெயர்களெல்லாம் பக்கத்தில் இயல்பாக எங்காவது வந்திருந்தால் போதும், திணிக்க வேண்டாம். பக்கத்தின் தலைப்பில் ஊர்ப் பெயர் இருக்க வேண்டும். கூகுள் மேப்பில் கடையைச் சேர்ப்பதற்குக் காசு இல்லை, ஆனால் கடையைக் காட்டும் ஊசி சரியான இடத்தில் குத்தியிருக்கிறதா என்று வண்டியில் ஒருமுறை போய்ப் பார்த்துவிடுங்கள். இந்தக் கடையின் ஊசி முதலில் பக்கத்து ஊர்க் கோயில் வாசலில் நின்றது. எள் மூட்டையோடு வந்தவர்கள் அங்கே போய் நின்றுகொண்டு போன் செய்திருக்கிறார்கள்.

கடைசியாக, யார் பெயரில் இருக்கிறது என்ற விஷயம். இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வரும்.

அந்தக் கடையின் பழைய டொமைன், அதாவது வெப்சைட்டின் முகவரிப் பெயர், தளத்தைச் செய்து கொடுத்தவரின் பெயரில் பதிவாகியிருந்தது. அவருடைய மெயில், அவருடைய நம்பர். இரண்டு வருடம் கழித்து அவர் போனை எடுக்கவில்லை, புதுப்பிக்கும் தேதி போனது, தளம் நின்றுவிட்டது. மீட்க வழியில்லாமல் வேறு பெயரில் டொமைன் வாங்கினோம். ஆனால் பழைய முகவரி அச்சடித்த லேபிள்கள் கட்டுக் கட்டாக இருந்தன. அக்காவும் அவருடைய மகளும் உட்கார்ந்து, ஒவ்வொரு லேபிளிலும் பழைய முகவரியின் மேல் புது முகவரி ஸ்டிக்கரை ஒட்டினார்கள். டொமைனுக்கு வருடத்துக்கு ஆகும் செலவு ஒரு டின் எண்ணெயின் விலைகூட இல்லை. அதைக் கடைக்காரர் பெயரில் பதிவுசெய்ய ஒரு பைசா கூடுதலாகாது. தெரியாதவர்களிடம் இப்படிச் செய்வதை வெறும் அலட்சியம் என்று விட்டுவிட என்னால் முடியவில்லை.

இலவசமாகக் கிடைப்பதையே நம்பியிருப்பதிலும் இதே ஆபத்து உண்டு. கடை விவரங்களை வைத்து கூகுளே இலவசமாக வெப்சைட் செய்து கொடுத்துக்கொண்டிருந்தது. பிசினஸ் டாட் சைட் என்று முடியும் முகவரிகள். பல சிறு கடைகள் அதை விசிட்டிங் கார்டில் அடித்து வைத்திருந்தன. 2024 மார்ச்சில் கூகுள் அவற்றை நிறுத்தியது. அந்த ஆண்டு ஜூன் வரை மேப்பில் உள்ள கடை விவரத்துக்குத் திருப்பிவிட்டார்கள், அதோடு சரி. 2020 ஜூன் கடைசியில் டிக்டாக் தடைசெய்யப்பட்டபோது, அதில் மட்டுமே வாடிக்கையாளர்களைச் சேர்த்து வைத்திருந்த சிறு வியாபாரிகள் ஒரே நாளில் எல்லாரையும் இழந்தார்கள். இன்ஸ்டாகிராமும் யூடியூபும் வேண்டாம் என்று சொல்லவில்லை. புது ஆட்கள் அங்கேதான் வருகிறார்கள். வந்தவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து உட்கார வைக்க உங்கள் பெயரில் ஓர் இடம் இருக்கட்டும்.

டொமைன் பெயர் சின்னதாக, போனில் ஒருமுறை சொன்னால் எழுதிக்கொள்ளக்கூடியதாக இருந்தால் நல்லது. டாட் இன், டாட் காம் எதுவானாலும் சரி. தமிழிலேயே டாட் இந்தியா என்று முடியும் பெயரும் வாங்கலாம். பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் சில இடங்களில் ஒட்டும்போது புரியாத ஆங்கில எழுத்துகளாக மாறிவிடும் என்பதால் அதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். பதிவு செய்யும்போது கடைக்காரரின் சொந்த மெயிலைக் கொடுங்கள். மச்சான் பையனின் மெயிலைக் கொடுத்தால் அவன் வேலைக்கு வெளியூர் போன பிறகு பாஸ்வேர்டு தேடி அலைய வேண்டும். மெயில் இல்லையென்றால் கடைக்கென்று ஒன்று தொடங்கி, பாஸ்வேர்டை ஒரு நோட்டில் எழுதி பீரோவில் வைத்துவிடுங்கள். புதுப்பிக்கும் தேதியைக் கல்லாவுக்கு மேலே தொங்கும் காலண்டரில் குறித்துவிடுங்கள்.

வெப்சைட் செய்கிறவரிடம் முன்பணம் கொடுக்கும்போதே இதையெல்லாம் பேசிவிடுங்கள். டொமைன் கணக்கு, தளத்தின் பக்கங்களை வைத்திருக்கும் ஹோஸ்டிங் கணக்கு, கூகுள் மேப்பில் கடையின் உரிமை மூன்றும் உங்கள் மெயிலில் திறக்கின்றனவா என்று அவர் எதிரிலேயே உங்கள் போனில் திறந்து பாருங்கள். விலையை மாற்ற அவர் கற்றுக்கொடுத்ததை நீங்களே ஒருமுறை மாற்றிப் பாருங்கள். என்னிடம் செய்தாலும் சரி, வேறு யாரிடம் செய்தாலும் சரி, மீதிப் பணத்தை அதற்குப் பிறகு கொடுத்தால் போதும்.